கமலம் கார் பழகியதும் நான் அதை எழுதிக் கெடுத்ததும்

1

இந்தக் கதை ஒரு முச்சக்கரவண்டிக்குள் பிறந்தது. கண்டியில் ஹந்தானை மலை ஏற்றத்தில் எனக்கு முன்னால் எல் போர்ட் மாட்டிய லேர்னர்ஸ் கார் ஒன்று எஞ்சின் செத்து நின்றது. பின்னால் ஒரே ஹோர்ன் சத்தம். எட்டிப் பார்த்தேன். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தது என் அடுத்த வீட்டுக் கமலம். பின்சீட்டில் கண்ணை இறுக மூடியபடி அவள் கணவர் திருச்செல்வம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த வேகத்திலேயே, எழுதினால் என்ன என்றும் தோன்றியது.

மூடுபனி போர்த்திய கண்டி மலைகளின் நடுவே...

(விட்டுவிட்டேன். அன்று பனியே இல்லை, வெயில் மண்டையைப் பிளந்தது.)

நடுவயது என்பது ஒரு...

(இதையும் விட்டேன். அதில் மாட்டிக்கொண்டவர்கள் அதைப் பற்றித் தத்துவம் பேசுவதில்லை. முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கிறார்கள்.)

சரி, நடந்ததையே சொல்கிறேன்.

2

திருச்செல்வம் மாநகரசபையில் கோப்பு எழுதும் இலிகிதர். ஐம்பதைத் தாண்டியவர். ஒரே மகள் கொழும்பில் வேலைக்குப் போன பிறகு வீட்டில் இரண்டு பேர், ஒரு பழைய சிவப்புக் கார், யாரும் பார்க்காத ஒரு டிவி. ஒரு காலை அவர் பாணைப் பிய்த்துச் சம்பலில் தொட்டுக்கொண்டிருந்தபோது கமலம் சொன்னாள்:

"நான் கார் பழகப் போறேன்."

"எதுக்கு?"

"ஓட்டத்தான்."

"எங்க போகணும்னு சொல்லேன். நான் கூட்டிட்டுப் போறேன்ல?"

"அதுதாங்க. எங்க போகணும்னு ஒவ்வொரு தடவையும் உங்ககிட்ட சொல்லணும்ல."

பாண் துண்டு சம்பலிலேயே கிடந்தது.

அன்று கந்தோரில் அவருக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. கமலம் எங்கே போவாள்? தெல்தெனியவில் அக்கா வீடு. அதற்குத்தான் வெள்ளிக்கிழமை தோறும் மாலையில் இவரே கூட்டிப்போகிறாரே. கோயிலுக்கு நடந்தே போகலாம். சந்தைக்கு பஸ். அப்படியானால் அவர் அறியாத ஓர் இடம் அவள் மனதில் இருக்கிறது. இருபத்தைந்து வருடம் கூடவே இருந்தவளுக்குள் அப்படியோர் இடம் எப்போது முளைத்தது? எழுந்து ஜன்னலருகே போனார். திரும்பி வந்து உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார். மகளுக்குப் போன் செய்தார். மகள், "அம்மாவா? சூப்பர்!" என்று கத்திவிட்டு வைத்துவிட்டாள்.

(அவர் மனதில் ஓடியது உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். பாதி அவரே சொன்னது. மீதி நானும் அதே வயதுக்காரன் என்பதால் தெரிந்தது.)

3

கார் பழக்க வந்தவள் அலவத்துகொடவைச் சேர்ந்த றம்லத். முதல் தடவை எழுதியபோது அவளை ஒரு கண்டிப்பான ஆண் ஆசிரியராக மாற்றிப் பார்த்தேன், சிரிப்பு கூடும் என்று. கதை படுத்துவிட்டது. றம்லத்தின் நிதானம் இல்லாமல் திருச்செல்வத்தின் பதற்றம் எடுபடவில்லை.

அவர் லீவு போட்டுவிட்டுப் பின்சீட்டில் ஏறினார். ஒவ்வொரு வளைவிலும் காலை அழுத்தினார்.

"அண்ணன், பின்னுக்கு பிரேக் இல்ல. சும்மா கால நோகடிக்க வாண," என்றாள் றம்லத்.

ஏற்றத்தில் எஞ்சின் நின்றது. கமலம் மறுபடி எடுத்தாள், மறுபடி நின்றது. ஹோர்ன் சத்தத்தில் கமலத்தின் கழுத்து வியர்த்தது.

"அவனுகள் அடிக்கட்டும். கிளச்ச மெல்ல உடுங்க, அக்கா. அவசரம் அவனுகளுக்குத்தான் ஈக்கி, எங்களுக்கு இல்ல."

கார் ஒரு சாண் பின்னுக்கு வந்தது. "கை பிரேக்! கை பிரேக்!" என்று அலறிக்கொண்டு திருச்செல்வம் கதவைத் திறந்து குதித்தார். ஓரத்தில் கிடந்த கல்லைத் தூக்கிக்கொண்டு சில்லுக்கு முட்டுக்கொடுக்க ஓடிவருவதற்குள், கமலம் காரை எடுத்துவிட்டாள். அழகாக, ஒரு குலுக்கல் இல்லாமல். நிறுத்தினால் மறுபடி எஞ்சின் சாகும் என்று நிறுத்தவும் இல்லை.

நடுத்தெருவில் கல்லோடு நின்ற மனிதரை நான்தான் என் முச்சக்கரவண்டியில் ஏற்றிக்கொண்டேன். கேலி செய்யலாம் என்று வாயைத் திறந்தேன்.

"நல்லா ஓட்டுறா, இல்லண்ணே?" என்றார் அவர். கல்லைக் கீழே வைக்கவில்லை. கொஞ்ச தூரம் போன பின், "எனக்குத்தான் இப்பல்லாம் முடியல. பொழுது சாஞ்சா எதிர வர்ற லைட்டு பூ மாதிரி விரியுது. ரோட்டுக் கரையே தெரியல. அவகிட்ட சொல்லல."

"டொக்டர்கிட்ட?"

"போனா ஓட்டாதேம்பான்."

4

எனக்கு முடிவு கிடைத்துவிட்டது. கணவனின் கண் மங்குவதைச் சொல்லாமலே அறிந்த மனைவி, அவர் மானம் போகாதபடி தானே கார் பழகுகிறாள். எழுதி முடித்ததும் என் கண்ணே கலங்கியது.

கார் ஓட்டும் பரீட்சையில் பாஸான அன்று கமலம் கேசரியோடு வந்தாள். கதையில் அவள் பெயரை மாற்றியிருந்தேன். அது போதும் என்ற நினைப்பில் வாசித்துக் காட்டினேன். காரைப் பின்சீட்டில் இருந்து ஓட்டிய மனிதர் வந்த இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தாள். கடைசிப் பக்கத்தில் சிரிப்பு நின்றது.

"அவருக்குக் கண்ணு தெரியலையா?"

நான் தாள்களை அடுக்கத் தொடங்கினேன்.

"நீங்க கதை கட்டினதா, நெசமா?"

அடுக்கிய தாள்களையே மறுபடி அடுக்கினேன். அதுவே பதிலாகிவிட்டது.

"வெள்ளிக்கிழமை அக்கா வீட்டுலருந்து இருட்டுறப்பத்தான் திரும்புவோம். அந்த வளைவு ரோட்டுல. நான் பக்கத்துல தூங்கிக்கிட்டு வருவேன், அண்ணே. அவர் ஓட்டுறாருன்னு நம்பித் தூங்குவேன்."

கேசரித் தட்டைப் பார்த்தபடி நின்றாள். பிறகு நிமிர்ந்தாள்.

"ஒன்னு சொல்றேன், கேளுங்க. நான் அவருக்காகப் பழகல. எனக்கு ஓட்டணும்னு ஆசை. அவ்வளவுதான். அதுக்கு ஒரு காரணமும் இல்ல. இப்ப பாருங்க, இனி நான் சாவிய எடுத்தா அது அவருக்காகன்னு ஆயிடும். என்னோடதுன்னு இருந்தது இந்த ஒன்னுதான். அதையும் கடமையாக்கிப்புட்டீங்க."

அவள் போன பிறகு கடைசிப் பக்கத்தைக் கிழித்தேன். கிழித்தால் மட்டும்...

(இந்த வாக்கியம் முடியவில்லை.)

5

பொழுது சாயும் நேரம். அவர்கள் வீட்டில் சத்தம் உயர்ந்து அடங்கியது. வேலியோரம் போய் நின்றேன். எழுதுகிறவனுக்கு வெட்கம் குறைவு.

கமலம் வெளியே வந்தாள். பின்னால் திருச்செல்வம்.

"நாளைக்குக் கண்ணைக் காட்டிட்டு வாங்க. பஸ்ஸுல போங்க."

"நீ கூட்டிட்டுப் போகமாட்டியா?"

"அப்புறம் ஒரு நாள் கூட்டிட்டுப் போறேன். இன்னைக்கு நான் தனியா போறேன்."

"எங்க?"

அவள் காரில் ஏறிக் கதவைச் சாத்தினாள். மெதுவாக, ஒரு பூச்சட்டியையும் தட்டாமல், வாசலைக் கடந்து காரைத் தெருவில் இறக்கினாள். சந்தியில் சற்று நின்றாள். இடப்பக்கம் போனால் ஏரிக்கரை, டவுன். வலப்பக்கம் மலை. பிறகு ஒரு பக்கம் திரும்பினாள்.

திருச்செல்வம் கண்ணைச் சுருக்கிச் சந்தியையே பார்த்துக்கொண்டிருந்தார். வேலிக்கு இந்தப் பக்கம் நான் நிற்பது எப்போதோ அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"எந்தப் பக்கம் திரும்பினா, அண்ணே?"

எனக்கு நன்றாகவே தெரிந்தது. சிக்னல் விளக்கு மினுங்கியதுகூடத் தெரிந்தது.

"கவனிக்கல," என்றேன்.

உங்களுக்கும் அதையேதான் சொல்வேன். நீங்களாக ஒரு பக்கம் அவளைத் திருப்பிவிட்டிருந்தால், அது உங்களோடு இருக்கட்டும். அந்த மனிதரிடம் மட்டும் போய்ச் சொல்லிவிடாதீர்கள்.