குளிர்காற்றுக் குழாயும் நான் அடித்த மழையும்

1

இந்தக் கதை ஒரு சல்லடையால் பிறந்தது. மாவு சலிக்கிற சல்லடையைக் காணோமென்று வீடெல்லாம் தேடிவிட்டு ஷெட்டுக்குப் போனேன். சல்லடையில் திருகாணிகளைப் போட்டு வைத்துக்கொண்டு, என் வீட்டுக்காரர் காரின் பானெட்டுக்குள் இடுப்பு வரை நுழைந்திருந்தார்.

“என்னங்க பண்றீங்க?”

“வண்டிக்கு மூச்சு முட்டுது. சரி பண்றேன்.”

திட்டத்தான் வாயெடுத்தேன். ஆனால் ‘மூச்சு முட்டுது’ என்று அவர் சொன்ன விதம் பிடித்துப்போனதால் எழுத உட்கார்ந்துவிட்டேன். எழுதுகிறவளைக் கட்டிக்கொண்டதில் அவருக்கு இப்படி ஒரு லாபம்.

2

எப்படித் தொடங்குவது?

‘கோடையின் கொடுங்கரங்கள் அந்த ஊரை இறுக்கிப் பிடித்திருந்த’ — சேச்சே.

‘அவன் இயந்திரங்களை நேசித்தான். மனிதர்களை’ — இதையும் பாதியில் விட்டேன். வீட்டுக்காரர் பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்தார்.

“‘அவன்’னா யாரு? நானா?”

“கதாபாத்திரம்.”

“அப்ப அவனுக்கு எதுக்கு என் வழுக்கை?”

[வழுக்கையை எடுத்துவிட்டேன். இந்த இடத்தில் திரும்ப வந்துவிட்டதற்கு நான் பொறுப்பில்லை.]

3

இனி கொஞ்சம் விளக்கம். எனக்குப் புரிந்த அளவுதான் உங்களுக்கும்.

இன்ஜினுக்கு எரிபொருளோடு காற்றும் வேண்டும். கம்பெனியில் வைத்துக் கொடுத்த காற்றுப் பெட்டியைப் போன வருஷம் இவரே கழற்றிப் போட்டுவிட்டு, ஒரு குட்டைக் குழாயையும் நுனியில் கூம்பு மாதிரி ஒரு ஃபில்டரையும் மாட்டினார். ஷார்ட் ராம் இன்டேக் என்று பெயர். மிதித்தால் வண்டி உறுமும். தெருவே திரும்பிப் பார்த்தது, இவருக்குத் தலைகால் புரியவில்லை. பிறகுதான் விஷயம் தெரிந்தது: குழாய் குட்டையாக இருப்பதால், அது பானெட்டுக்குள்ளேயே கொதித்துக் கிடக்கிற காற்றைத்தான் இழுக்கிறது. சூடான காற்றில் இன்ஜினுக்குச் சத்துப் போதாதாம். உறுமல் புலி, ஓட்டம் ஆமை.

மகளின் இன்டர்வியூவுக்காக மலைமேல் இருக்கிற ஊருக்குப் போனபோது, ஏற்றத்தில் காய்கறி லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே எங்களைத் தாண்டிப் போனது. முன் சீட்டில் இருந்த மகள் வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டாள்.

அந்த வேலை கிடைத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை போய்ச் சேர வேண்டும். “நானே கொண்டுபோய் விடறேன்” என்றார் அப்பா. “வேணாம்ப்பா, பஸ்ல போய்க்கறேன்” என்றாள் மகள். அவர் முகம் சுண்டிப்போய்விட்டது. மறுநாள்தான் சல்லடை காணாமல் போனது.

4

குழாயை நீட்டிக் கீழே இறக்குவதுதான் வேலை. பம்பருக்குப் பின்னால், சக்கரத்துக்கு முன்னால் ஒரு பொந்து இருக்கிறது. இன்ஜின் சூடு எட்டாத இடம், வெளிக்காற்று வரும். ஃபில்டர் அங்கே போக வேண்டும். குழாய் முதலில் பேட்டரியில் இடித்தது, திருப்பி வைத்தால் சக்கரத்தில் உரசியது. குழாயோடு பேசினார், கெஞ்சினார், அதன் பரம்பரையை இழுத்துத் திட்டினார். கடைசியில் ரப்பர் மூட்டு போட்டு, கிளாம்பை இறுக்கி, ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

“எப்படிங்க இருக்கு?”

“வழுக்கிக்கிட்டுப் போகுது.” துக்க வீட்டுக்குப் போய் வந்தவர் மாதிரி உட்கார்ந்தார். “ஆனா உறுமல் போயிடுச்சு.”

5

வேலை முடிந்தது, வண்டி ஓடுகிறது, எல்லாரும் சுகம் என்றால் எவர் படிப்பார்? கதைக்குச் சிக்கல் வேண்டாமா? எழுதினேன்: ‘ஞாயிறு காலை வானம் கறுத்தது. மலையடிவாரச் சாலையில் வெள்ளம்’

“மழையா!” பின்னாலிருந்து அலறல். “ஏம்மா, நான் உனக்கு என்ன கெடுதல் பண்ணேன்?”

“கதைதானேங்க.”

“கதையா இருந்தாலும் ஃபில்டர் கீழதானே இருக்கு! தூறல்னா பரவாயில்ல. தேங்கின தண்ணியில முங்கிச்சுன்னா காத்துக்குப் பதிலா தண்ணிய இழுத்துடும். இன்ஜின் அங்கேயே படுத்துடும். இடி வேணும்னா வச்சுக்கோ. மழை மட்டும் வேணாம்.”

எழுதிய வரியை அடித்துவிட்டேன். மழை எழுத மாட்டேன் என்று வாக்கும் கொடுத்தேன்.

6

[இதை எழுதும்போது அவரைக் கடைக்கு அனுப்பிவிட்டேன்.]

எனக்கு மகள் பாத்திரத்தின் மேல் சந்தேகம். பிய்ந்த செருப்புக்குக் கம்பி கட்டி காலேஜுக்குப் போனவள், லாரி முந்தியதற்கா வெட்கப்படுவாள்? எழுதியதை அவளிடமே கொடுத்தேன். படித்துவிட்டுச் சிரித்தாள்.

“போம்மா, வெட்கமாம். அன்னிக்கு அப்பாகிட்ட ஒண்ணு சொல்லிட்டே வந்தேன். அந்தச் சத்தத்துல கேக்கவே இல்ல. திரும்பத் திரும்பச் சொன்னேன். ‘ஆமா கண்ணு, சூப்பரா உறுமுதுல்ல’ன்னாரு. தலையக் குனிஞ்சுக்கிட்டேன்.”

“பின் சீட்ல எனக்கும் கேக்கலையே. என்னடி சொன்னே?”

“வேலை கெடைச்சா அங்க தனியா இருக்கணும். பயமா இருக்குப்பான்னு.”

“நான் சொல்லட்டுமா?”

“வேணாம். நான்தான் சொல்லணும். அவர் காதுல விழணும்.”

[மூன்றாம் பகுதியில் ‘வெட்கத்தில்’ என்பதை அடிக்காமல் வைத்திருக்கிறேன். நீங்களும்தானே நம்பினீர்கள்?]

7

ஞாயிறு காலை. வானம் நிஜமாகவே கறுத்திருந்தது. சத்தியமாக நான் செய்ததல்ல.

அவர் வண்டியை எடுத்து வாசலில் நிறுத்தினார். மகள் பையோடு வந்து ஒரு நிமிடம் நின்றாள்.

“இன்ஜின் ஓடுதாப்பா?”

“ஓடுதே! சத்தந்தான் செத்துப்போச்சு.”

பையைப் பின்னால் போட்டுவிட்டு முன் சீட்டில் ஏறிக்கொண்டாள். அவருக்கு வந்த சிரிப்பை எழுத எனக்கு வராது. எனக்கும் போக ஆசைதான். முடிக்காத கதை இருக்கிறது என்று பொய் சொல்லி நின்றுகொண்டேன்.

8

முடிவு. மழை பெய்தால் வண்டி தண்ணீரில் நின்றுபோகும், அவர் நொந்துபோவார், ஆனால் அவளுக்குப் பேச நேரம் கிடைக்கும். பெய்யாவிட்டால் ஏற்றத்தில் லாரிகளை முந்துவார். அந்தக் கும்மாளத்தில் அவள் சொல்ல வந்ததை விழுங்கிவிடக்கூடும். அவரே ஓரங்கட்டி, இன்ஜினை அணைத்து, “சொல்லு கண்ணு” என்பதாகவும் எழுதலாம். இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவள் நான், எனக்கே நம்பிக்கை —

போன் அடித்தது.

“அம்மா, சொல்லிட்டேன். அப்பா அழுறாரும்மா. நானுந்தான்.”

பின்னால் இன்ஜின் சத்தமே இல்லை. ஏன் நின்றிருக்கிறது என்று நான் கேட்கவில்லை. அதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். மழைதான் என்றால் என்னிடம் சொல்லாதீர்கள், நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.