முக்கால் வேகம்

ஓட்டலில் அவனை எல்லோரும் பேனா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினான்கு வருடமாக மேசை மேசையாகப் போய் ஆர்டர் எடுக்கிறவன். காதில் செருகிய பேனாவோடுதான் பிறந்தான் என்று சமையல்காரர் கேலி செய்வார். அவன் மனைவி ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டில் நர்ஸ். வெளிநாட்டு வேலைக்கு ஆங்கிலப் பரீட்சை எழுத வேண்டியிருந்தது. பேச்சும் எழுத்தும் வாசிப்பும் அவளுக்கு வந்துவிட்டன. கேட்டல்தான் உதைத்தது.

அந்தத் தேர்வில் ஒரு நோயாளி டாக்டரிடம் பேசுவது ஒலிக்கும். ஒரே தடவைதான். தாளில் அரைகுறையாகக் குறிப்புகளும் நடுநடுவே காலி இடங்களும் இருக்கும். கேட்டுக்கொண்டே நிரப்ப வேண்டும். அவள் காதில் விழுந்ததையெல்லாம் முழு வாக்கியமாக எழுதப் பார்ப்பாள். ஒரு வரியை முடித்து நிமிர்வதற்குள் நோயாளி முதுகுவலியை விட்டுவிட்டு மாத்திரைக்குப் போயிருப்பான். முதல் வாரப் பயிற்சியில் இருபத்து நாலுக்கு ஒன்பது.

"காது கேக்குதுங்க. கைதான் ஓட மாட்டேங்குது" என்று கண் கலங்கினாள்.

மதியக் கூட்டம் ஓய்ந்து மாலைக் கூட்டம் வரும்வரை அவனுக்கு இரண்டரை மணி நேரம் ஓய்வு. வீட்டுக்கு வந்து, சமையலறை மேசையில் அவள் எதிரே உட்கார்ந்து தன் ஆர்டர் சீட்டைக் காட்டினான்.

"ஆறு பேர் ஒண்ணா பேசுவாங்க. நான் என்ன கட்டுரையா எழுதறேன்? காரம் கூடன்னா மேல அம்பு. வேண்டாம்னா பெருக்கல். வலிக்கு ஒரு நெளி கோடு போடு. எப்ப இருந்துன்னா பின்னாடி பாக்குற அம்பு. மாத்திரைக்கு ஒரு வட்டம், ரெண்டு வேளைன்னா உள்ள ரெண்டு புள்ளி."

"விட்டுப் போச்சுன்னா?"

"போனது போகட்டும்னு விடு. நாலாவது மேசை ஆர்டரையே நெனச்சுட்டு நின்னா அஞ்சாவது மேசைக்காரன் எழுந்து போயிடுவான். அவங்க பேச ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே காலி இடத்தப் பாத்துக்கோ. அங்க நம்பர் வருமா, வியாதி பேர் வருமான்னு ஒரு கணக்கு வச்சுக்கோ."

சொல்லிக் கொடுத்ததில் வஞ்சனை இல்லை. அவளுக்குத் தைரியம் வரட்டும் என்று அவளிடம் சொல்லாமல் தன் போனில் ஒலிப்பதிவின் வேகத்தை முக்காலாகக் குறைத்ததிலும் வஞ்சனை இல்லை. பத்து நாளில் கூட்டிவிடலாம் என்று நினைத்தான்.

மூன்றாவது வாரம் அவள் இருபத்து இரண்டு எடுத்தாள். அன்று வேகத்தைக் கூட்டத்தான் விரலை வைத்தான். அவள் சந்தோஷத்தில் தட்டைக் கழுவிக்கொண்டே, அங்கே குளிருக்கு எந்த மாதிரிக் கோட்டு வாங்க வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தாள். தனக்கு ஒரே ஒரு கோட்டு பற்றித்தான் பேசினாள், இரண்டு பற்றி இல்லை. அவன் விரலை எடுத்துக்கொண்டான்.

ஒரு நாள் அவளே கேட்டாள். "என்னங்க, இந்த ஆளு கொட்டாவி விட்டுக்கிட்டே பேசற மாதிரி இழுக்கறான்?"

"அங்க அப்படித்தான் பேசுவாங்க" என்றான். வாய் கூசாமல் வந்தது.

பரீட்சையில் கேட்டலில் மட்டும் கொஞ்சத்தில் போய்விட்டது. அவள் அழவில்லை. "ஹால்ல பேசினவன் நாய் துரத்தின மாதிரி பேசினான். என் அம்புக்குறி எல்லாம் பாதியிலயே நின்னுபோச்சு" என்றாள். அன்று சாயங்காலம் அவள் அக்கா போன் செய்தபோது, அவன் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தான்.

"அவரக் குத்தம் சொல்லாதக்கா. வேலைக்கு நடுவுல தினம் வந்து உக்காந்தார். என் மரமண்டையில ஏறலன்னா அவர் என்ன பண்ணுவார்?"

பொத்தான்களை ஒன்று மாற்றி ஒன்றில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனான். அன்று ஏழாம் மேசைச் சாப்பாடு மூன்றாம் மேசைக்குப் போயிற்று. மேலாளர் கத்தினார். திட்டு வாங்குவது ஆறுதலாக இருந்தது, இன்னும் கொஞ்சம் திட்டியிருக்கலாம் என்று தோன்றியது.

ஒரு வாரம் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. மறுபடி பணம் கட்டிப் பேர் கொடுத்துவிட்டு அவள் அதே மேசையில் தாளை விரித்து, "போடுங்க" என்றாள். அவன் போனை அவள் பக்கம் தள்ளினான்.

"வேகத்தப் பாரு."

பார்த்தாள். புரியவில்லை. பிறகு புரிந்தது.

"எப்ப இருந்து?"

"முதல் வாரத்துல இருந்து. உனக்குத் தைரியம் வரணும்னுதான். அப்புறம் கூட்டல."

"மறந்துட்டீங்களா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. நர்ஸ் வேலை பார்த்துப் பார்த்து அவளுக்கு யாரிடமும் தப்பிக்க ஒரு வழி விட்டே கேட்கும் பழக்கம்.

"இல்ல. நீ போயிட்டா நான் என்ன ஆவேன்னு தோணுச்சு."

அவள் பேனாவை மூடி வைத்தாள். "போகாதன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா யோசிச்சிருப்பேன். ஒருவேளை நின்னுகூட இருப்பேன். இப்ப நிக்க மாட்டேன்."

அதன் பிறகு ஹெட்போன் போட்டுக்கொண்டு தனியாகப் படித்தாள். அவன் வாசல் பக்கம் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக் கொடுப்பான். தாளில் அம்பும் வட்டமும் நெளி கோடும் வேகமாக விழுவதை அங்கிருந்தே பார்ப்பான். மார்க் என்ன என்று கேட்கும் உரிமை தனக்கு இல்லை என்று கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. ஆனால் அவள் யாரிடமும் அவனைக் காட்டிக் கொடுக்கவில்லை. அக்காவிடம்கூட. அதுதான் அவனை அரித்தது. நான்கு பேருக்குத் தெரிந்து காறித் துப்பியிருந்தால் தேவலை போலிருந்தது.

இரண்டாம் தடவை தேறினாள். ஐந்து மாதத்தில் வேலைக்கு உத்தரவு வந்தது. பெட்டி கட்டுகிற அன்று, துணி மடித்துக்கொண்டே ஒரு காகிதத்தை அவன் முன்னால் வைத்தாள். கணவனை அழைத்துப் போவதற்கான படிவம். அவள் பங்கை நிரப்பியிருந்தாள். கீழே அவன் கையெழுத்துக்கு மட்டும் இடம் இருந்தது.

"வர இஷ்டமா இல்லையான்னு சொல்லுங்க. மனசுல வச்சுக்கிட்டு வேற ஏதாவது பண்ணாதீங்க. வாயால சொல்லுங்க."

"பயமா இருக்கு" என்றான். "எனக்கு அந்த பாஷை வராது. அங்க போய் நான் யாரு?"

"தெரியல."

"ஆனா வரேன்."

அவள் தலையசைத்தாள், சிரிக்கவில்லை. மடித்த துணியை அவனிடம் நீட்டினாள். அவன் வாங்கிப் பெட்டிக்குள் வைத்தான்.