உயிரோடு இருக்கிற மூளை

டாக்டர் எழுதிக்கொடுத்தது ராத்திரிக்கு ஒரு மாத்திரை. ஜோதியம்மாள் பட்டப்பகலில் மூன்றைப் பொடித்துத் தயிர்சாதத்தில் பிசைந்தாள்.

"அம்மா, அண்ணன் ஒடம்பு என்னாத்துக்கு ஆவும்?" என்று மகள் தென்றல் அவள் கையைப் பிடித்தாள்.

"கொஞ்சம் ஜாஸ்தி தூங்குவான், அவ்ளோதான். இன்னிக்கு உன்னைப் பொண்ணு பாக்க வர்றாங்கடி."

பெற்றவள் பேசுகிற பேச்சா இது! தொண்ணூற்றிரண்டில் காலேஜில் படிக்கும்போதே பாலாஜிக்குக் காதில் குரல்கள் கேட்கத் தொடங்கின. இந்த ஏழு வருஷத்தில் அவன் யாரையும் அடித்ததில்லை; சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பான். அப்பா கண்ணாயிரம் முன்னறைகளை உள்ளூர் ஆசிரமத்துக்கு வரும் வெள்ளைக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். அவர்கள் பேசாமல் உட்கார்ந்தால் தியானம், பெற்ற பிள்ளை உட்கார்ந்தால் மானக்கேடு. பிள்ளையைப் பின்கட்டில் பூட்டிவிட்டு, அதே கையால் வாசலில் சந்தனக் கிண்ணத்தை நீட்டினார்.

மாப்பிள்ளை அறிவுச்செல்வன் கீழ்பென்னாத்தூர்க்காரன்; பெங்களூரில் மூளை ஆராய்ச்சி. கேசரியைத் தின்றுகொண்டே விளக்கினான். மூளையில் வேலை முடிந்த புரதங்களை வெட்டிக் கழிக்க நொதிகள் இருக்கின்றனவாம். அதில் வரும் கோளாறுக்கும் மனநோய்க்கும் தொடர்பு உண்டா என்று தேடுகிறார்களாம். செத்தவர்களின் மூளைகளை ஐஸ் பெட்டியில் குழந்தை மாதிரிப் பார்த்துக்கொள்கிறார்களாம்.

"பேயும் இல்ல, பாவமும் இல்லீங்க. சர்க்கரை வியாதி மாதிரி இதுவும் ஒரு வியாதிதான்" என்றான்.

தென்றலுக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. அந்த வீட்டில் இதுவரை யாரும் சொல்லாத வார்த்தை. எழுந்துபோய் ஆணியில் தொங்கிய சாவியை எடுத்தாள். எச்சில் ஒழுகத் தள்ளாடிய அண்ணனைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து மாப்பிள்ளையின் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தாள்.

"எங்க அண்ணன். நீங்க சொன்ன அந்த வியாதிதாங்க."

அறிவுச்செல்வன் சடக்கென்று எழுந்து சுவரோரம் போய் நின்றான். அவன் அம்மா ராணியம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"பரம்பரையா வரும்மா, வேணாம். ஆராய்ச்சி வேற, குடும்பம் வேற" என்று அவன் அவள் காதில் சொன்னது கூடம் முழுக்கக் கேட்டது. தூ! இவனுக்கெல்லாம் ஒரு படிப்பு.

"செத்தவங்க மூளைய கொழந்த மாதிரி பாத்துக்கறீங்க. உசுரோட இருக்கறவரு பக்கத்துல ஒரு நிமிஷம் ஒக்கார முடியலையா?" என்று தென்றல் கேட்டாள்.

வந்தவர்கள் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்கள். இனி உன்னை எவன்டி கட்டுவான் என்று ஜோதியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். கண்ணாயிரம் கத்த வாயெடுத்து, சட்டென்று அடக்கிக்கொண்டார். முன்னறையில் வெள்ளைக்காரர் தியானத்தில் இருந்தார்.

தென்றல் பட்டுப்புடவைத் தலைப்பால் அண்ணனின் வாயைத் துடைத்தாள். பிறகு பூட்டையும் சாவியையும் கொண்டுபோய்க் கிணற்றில் போட்டாள்.