இடம்வலம் மாறிய எழுத்தோட்டம்

சாய்ந்தமருதில் ஒரு சிறிய மண்டபம். ஒரு சூப்பர் ஹீரோ படத்தின் தொடக்கத்தில் பெயர்கள் ஓடும் எழுத்தோட்டத்தைப் பற்றி, சுபியான் பதினான்கு பேருக்கு முன்னால் முக்கால் மணி நேரம் பேசினான். அவன் ஃபோன் திருத்தும் கடை வைத்திருப்பவன். ஆனால் சினிமா ஆய்வாளன் என்று யாராவது சொன்னால்தான் அவனுக்கு மனம் குளிரும்.

"பேரெல்லாம் கண்ணாடியில பாத்த மாதிரி இடம்வலம் மாறிக் கிடக்கு. ஏன்? முகமூடிக்குள்ள இருந்து பாக்கிறவனுக்கு உலகமே அப்பிடித்தான் தெரியும்," என்று முடித்தான். எல்லோரும் கைதட்டினார்கள்.

மருந்துக்கடையில் வேலை செய்யும் ஜெனூபா கையை உயர்த்தினாள்.

"காக்கா, படத்த எங்க பாத்த நீங்க?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டாள்.

"இன்டர்நெட்டில. சும்மா கிடைச்ச கொப்பி."

"களவாப் போடுறவங்க, பிடிபடாம இருக்க முழுப் படத்தையும் இடம்வலம் மாத்தித்தான் போடுவாங்க. கடை போர்டு, கார் நம்பர் எல்லாம் அப்பிடித்தானே இருந்திருக்கும்? கவனிக்கல்லயா?"

சுபியானுக்குக் காது சுட்டது. எழுத்தோட்டத்தை அவன் நாற்பது தடவை பார்த்திருந்தான். அதற்குப் பிறகு வரும் படத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. சமாளிக்க மூன்று வழிகள் தோன்றின. மூன்றும் அவனுடைய ஆய்வைவிட மோசமாக இருந்தன.

"ஓம் தங்கச்சி, நான் இன்னும் படமே பாக்கல்ல," என்றான்.

மண்டபம் சிரித்தது. அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை, ஜெனூபா கொண்டுவந்த சரியான பிரதியை எல்லோரும் சேர்ந்து பார்த்தார்கள். படம் நன்றாகத்தான் இருந்தது. எழுத்தோட்டத்தைப் பற்றி மட்டும் சொல்வதற்கு ஒன்றுமே இருக்கவில்லை.