பிளந்து வைத்த பெயர்

டெகித் பாரி செத்த மறுநாள் காலை, அவன் மனைவி நெஸ்டா பழக்கத்தில் பின்வாசலில் நின்று அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். கரிக் கொட்டகைக்குள்ளிருந்து அவன், "வந்துட்டேன், இதோ" என்றான். உடல் அப்போது முன்னறையில் வெள்ளைத் துணி போர்த்திக் கிடந்தது. துக்கத்துக்கு வந்திருந்தவர்கள் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கூம் ரெதின் ஊரில் செத்தவர்கள் அப்படித்தான். அவரவர் வீட்டில் அவரவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், உயிரோடு இருந்தபோது எதை அதிகம் சொன்னார்களோ அந்த ஒன்றைச் சொல்வார்கள். வேறு பேச்சு கிடையாது, ஆளும் கண்ணில் பட மாட்டார்கள். ரொட்டிக் கடைக்காரர் ஒருவர் இருபது வருடமாக "இருக்கு, ஆனா நேத்துது" என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார். மலைக்கு அந்தப் பக்கத்தில் செத்தவர்கள் நாலு குரலில் பாட்டே பாடுவார்கள் என்று அந்த ஊர்க்காரர்கள் அளப்பார்கள். அவர்கள் எதைத்தான் அளக்கவில்லை!

பிறந்த குழந்தைகளின் விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். பெயர் வைக்கும்வரை அவற்றுக்குச் சத்தம் வராது. வாயைத் திறந்து முகம் சிவக்க அழும், காதில் விழாது. பிறந்த மூன்றாம் ஞாயிறு ஜெபாலயத்தில் போதகர் பெயரைச் சொல்லித் தண்ணீர் தெளித்ததும் குரல் வந்துவிடும். செத்தவர் ஒருவரின் பெயரை வைத்தால், அவருடைய குரல் குழந்தைக்குப் போய்ச் சேரும். வீட்டில் அவர் பதில் சொல்வது அன்றோடு நிற்கும். இதில் வழக்கமாக ஒரு தகராறும் வராது. ஒருநாள் உட்கார்ந்து அழுவார்கள், மறுநாளிலிருந்து குழந்தை தூங்கவிடவில்லை என்று புலம்ப ஆரம்பிப்பார்கள்.

டெகித் சிலேட்டுக் குவாரியில் பாறை உடைப்பவன். தொடையில் கயிற்றைச் சுற்றிக்கொண்டு பாறைமுகத்தில் நாளெல்லாம் தொங்குகிறவனுக்கு, வீட்டுக்கு வந்தால் நாற்காலியிலிருந்து எழ மனம் வராது. கனமான கம்பளிகளைத் துவைத்தால் பிழிய இரண்டு பேர் வேண்டும் என்பதால், நெஸ்டா அவற்றை அவனுக்கு வேலை பாதி நாளாக இருக்கும் சனிக்கிழமைக்கு என்று ஒதுக்கி வைப்பாள். தண்ணீர் சொட்டச் சொட்ட ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு "டெக்!" என்று கத்துவாள். "வந்துட்டேன், இதோ" என்பான். அவன் வருவதற்குள் அவள் பாவாடை முழுக்க நனைந்திருக்கும். கல்யாணமாகி இரண்டு வருடம் அவர்கள் போட்ட சண்டையெல்லாம் இந்தக் கம்பளிச் சண்டைதான். பிப்ரவரியில் பாறை பெயர்ந்து விழுந்தது. நெஸ்டாவுக்கு அப்போது ஆறு மாதம்.

அந்த வீட்டில் பதில் சொல்கிறவர் ஏற்கெனவே ஒருவர் இருந்தார். டெகித்தின் அம்மா அரியன்வென் செத்து நாலு வருடமாகியிருந்தது. டெகித்தின் அப்பா இத்வால் சிலேட்டுப் பிளப்பவர். ஒரு அங்குலக் கல்லில் உளியை வைத்துத் தட்டினால் பதினாறு தகடு எடுப்பார், ஒன்றில்கூடக் கீறல் இருக்காது. மாலை வேலை முடிந்து வந்து வாசலில் நின்று, "அரியன்வென்" என்பார். "பூட்ஸைத் தொடைச்சிட்டு, உள்ள வாங்க" என்று பால் அறையிலிருந்து பதில் வரும். துடைப்பார், உள்ளே வருவார். நாலு வருடத்தில் ஒருநாளும் தவறியதில்லை.

மே மாதம் பெண் குழந்தை பிறந்தது. மூன்றாம் ஞாயிறு வந்தது, போனது. அப்பா செத்தபின் பிறந்த பிள்ளைக்கு அப்பா பெயரை வைப்பது வழக்கம். மூத்த பெண்ணுக்கு அப்பாவைப் பெற்றவளின் பெயரை வைப்பதும் வழக்கம். இரண்டும் ஒரே தொட்டிலில் வந்து சேர்ந்தன. இரண்டையும் விட்டு வேறு பெயர் வைத்தால் ஊர் சும்மா விடாது.

"அவன் பேரையே வைம்மா. பொண்ணுக்குத் தகுந்த மாதிரி கொஞ்சம் மாத்திக்கிட்டாப் போச்சு" என்றார் இத்வால்.

"என்ன மாமா நீங்க, அத்தை பேரு இருக்கும்போது? ஊர் என்னைத்தான் பேசும்" என்றாள் நெஸ்டா.

கேட்கிறவர்களுக்கு எவ்வளவு மரியாதையான மாமனார், எவ்வளவு அடக்கமான மருமகள் என்று தோன்றும். உண்மை என்னவென்றால், ஒருவருடைய செத்தவரை இன்னொருவர் தாராளமாகத் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். நாளுக்குப் பத்து தடவை நெஸ்டா கரிக் கொட்டகைக்குப் போனாள். குளிருக்குத் தேவையான கரி இவ்வளவு இல்லை என்பது தெருவுக்கே தெரியும். குழந்தையின் ஒன்பதாம் மாதத்தில் போதகர் வந்து தேநீர் குடித்துவிட்டுப் போனார். குழந்தைக்கு ஒரு வயதாயிற்று. "பாப்பா" என்றும் "இவ" என்றும் சொல்லி நாளை ஓட்டினார்கள்.

பதினாலாவது மாதத்தில் ஒரு மத்தியானம் நெஸ்டா கொட்டகையில் நின்றிருந்தாள். "டெகித்" என்றாள். "வந்துட்டேன், இதோ." இன்னொரு தடவை. இன்னொரு தடவை. அடுப்பில் கரி வெடித்து ஒரு கங்கு குழந்தையின் இடது கைமேல் விழுந்தது. குழந்தை கத்தியது. எவ்வளவு நேரம் கத்தியது என்று யாருக்கும் தெரியாது. நெஸ்டா உள்ளே வந்தபோது அது வாயை அகலத் திறந்தபடி, மூச்சு முட்டி, நீலம் பாரித்துக் கிடந்தது. வீடு அமைதியாக இருந்தது. பத்து அடி தூரம்தான். வெண்ணெய் தடவித் துணி சுற்றும்போது நெஸ்டா தன்னைத்தானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது என்று பின்னால் சொன்னாள்.

"பேரை வச்சிடலாம் மாமா. யார் பேருன்னு நீங்களே சொல்லிடுங்க. நான் ஒரு வார்த்த பேச மாட்டேன்" என்றாள் அன்று மாலை.

இத்வால் குழந்தையின் கட்டுப்போட்ட கையைப் பார்த்தார். மறுநாள் விஷயத்தைக் கபானுக்குக் கொண்டுபோனார்.

கபான் என்பது குவாரியில் மத்தியானம் தேநீர் குடிக்கிற கல் குடிசை. மற்ற ஊர்களில் தேநீர் குடித்தால் குடித்ததோடு சரி. எங்கள் கபானுக்குத் தலைவர் உண்டு, தீர்மானப் புத்தகம் உண்டு, வெட்டிப் பேச்சுக்கு அபராதம் உண்டு. வேதத்தில் வரும் திமிங்கிலத்தின் வயிற்றில் யோனாவுக்கு மூச்சுவிடக் காற்று இருந்திருக்குமா என்று பதினோரு நாள் விவாதித்து, இருந்தது என்று முடிவு செய்த இடம் அது. தலைவர் கடைசிவீட்டு ரோபாட். ஊரில் ரோபாட் என்ற பெயரில் பதினேழு பேர் இருந்ததால் வீட்டைச் சொன்னால்தான் ஆள் விளங்கும். அவர் கெட்டில் மூடியைத் தட்டினார். இத்வால் எழுந்து இரண்டு வரியில் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

சீட்டுப் போட்டு எடுக்கலாம் என்றார் ஒருவர். "உன் பொண்டாட்டிய எடுத்த மாதிரியா?" என்று பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது. ரோபாட் அபராதம் போட்டார். அப்போதுதான் குட்டை ஐவர் வாயில் ரொட்டியோடு, "ரெண்டையும் பிளந்தா என்ன?" என்றான்.

குடிசையே நிமிர்ந்து உட்கார்ந்தது. அவ்வளவு பேரும் பிளந்தே பிழைக்கிறவர்கள். சரியான இடத்தில் உளி வைத்தால் எதுவும் சேதமில்லாமல் இரண்டாகும் என்பது அவர்களுக்குச் சின்ன வயதிலிருந்து கை கண்ட உண்மை. டெகித்தில் முன்பாதி, அரியன்வென்னில் பின்பாதி. டெக்வென். இரண்டு மூன்று பேர் சொல்லிப் பார்த்தார்கள். காதுக்கு நன்றாக இருந்தது. பள்ளத்தாக்கில் அதுவரை யாருக்கும் இல்லாத பெயர்.

"ஆளுக்குப் பாதிதான் போகும். பாதி வீட்ல நிக்கும். என்ன சொல்றீரு இத்வால் அண்ணே?" என்றார் ரோபாட்.

"பாதி நிக்குமா?" என்று மட்டும் கேட்டார் இத்வால்.

ஆதரவு முப்பத்தொன்று, எதிர்ப்பு இல்லை என்று புத்தகத்தில் இருக்கிறது. நெஸ்டாவும் கேட்டவுடன் சரி என்றாள். அவளுக்கும் அதே ஆசைதான்: பாதியாவது மிஞ்சுமே. போதகர் ஒரு வார்த்தை மறுத்திருக்கலாம். ஆனால் அவரும் சிலேட்டுப் பிளந்தவர் மகன்.

ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் பட்டதும் டெக்வென்னுக்குக் குரல் வந்தது. பதினாலு மாதத்து அழுகை முழுவதும் வரிசையாக வந்தது. வயிற்றுவலி, தடுப்பூசி, முதல் பல், கடைசியில் கங்கு. கங்கின் அழுகை வந்தபோது எது என்று எல்லோருக்கும் தெரிந்தது. நெஸ்டா கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டாள். பிரசங்கம் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. யாரும் குறை சொல்லவில்லை. மூன்று மணி நேரம் கழித்து அழுது முடித்துத் தூங்கியது.

வீட்டுக்கு வந்து இத்வால் வாசலில் நின்றார். "அரியன்வென்."

"பூட்ஸைத் தொடைச்சிட்டு" என்றது பால் அறை.

துடைத்தார். நின்றார். உள்ளே வரச்சொல்லும் பாதி வரவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டார். இன்னொரு தடவை துடைத்தார். நெஸ்டா கொட்டகைக்கு ஓடினாள். "டெகித்!"

"இதோ."

அவ்வளவுதான். வந்துட்டேன் என்பது போய்விட்டது. அவன் எந்தக் காலத்தில் சொன்னபடி வந்தான்? ஆனால் வருகிறேன் என்று சொல்லிக்கொண்டாவது இருந்தான். வெறும் 'இதோ'வை வைத்துக்கொண்டு ஒரு பெண்பிள்ளை என்ன செய்வாள்? கரி மூட்டைமேல் உட்கார்ந்து, புருஷன் செத்த அன்று அழாத அழுகையை அழுதாள்.

மறுநாள் மத்தியானம் பெண்கள் கால் வைக்காத கபானுக்குள் நெஸ்டா நேராக நடந்து போனாள். கெட்டில் கொதித்துக்கொண்டிருந்தது. "பிளந்தது நீங்க. ஆளுக்கொரு துண்டக் கையில வச்சுக்கிட்டு நிக்கிறது நாங்க. ஒட்டித் தாங்க பாப்போம்! உங்கள்ல எவனாவது பிளந்த கல்ல ஒட்டியிருக்கீங்களாடா?" என்றாள். முப்பத்தொரு பேரும் தேநீர்க் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரோபாட் அபராதம் போடவில்லை. தீர்மானப் புத்தகத்தில் அன்றைய பக்கத்தில் ஒன்றும் எழுதப்படவில்லை.

அதன்பின் நெஸ்டா கொட்டகைக்கு வாரத்துக்கு ஒருமுறைதான் போனாள், அதுவும் கரிக்கு. இத்வால் தினமும் வாசலில் நின்றார். மழையோ பனியோ, பெயரைச் சொல்வார், பூட்ஸைத் துடைப்பார், நிற்பார். "உள்ள வாங்க மாமா" என்று நெஸ்டா சொன்னால் வருவார்தான். ஆனால் வேறொருத்தி சொல்லப்போவதில்லை என்று உறுதியாகும்வரை நின்றுவிட்டுத்தான் வருவார். ஒரு குளிர்காலத்தில் அப்படி நின்று நெஞ்சுச்சளி பிடித்தது. அடுத்த குளிர்காலத்திலும் பிடித்தது. டெக்வென் வளர்ந்தாள். நன்றாக அழுதாள், சிரித்தாள், கோழியைத் துரத்தினாள். இரண்டு வயது தாண்டியும் பேச்சு மட்டும் வரவில்லை.

மூன்று வயது முடிந்த பின், ஒரு நவம்பர் மாலை. இத்வால் துடைத்துவிட்டு மழையில் நின்றிருந்தார். டெக்வென் மேசைக்கடியிலிருந்து எழுந்து போய், இரண்டு கையாலும் கதவை இழுத்துத் திறந்து, அவரை அண்ணாந்து பார்த்தாள். "உள்ள வாங்க" என்றாள்.

இத்வால் உள்ளே வந்தார். தொப்பியைக்கூடக் கழற்றாமல் அடுப்பருகே உட்கார்ந்து, குழந்தையின் தழும்புள்ள கையை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதார். அந்த வருடம் அவருக்குச் சளி பிடிக்கவில்லை.

நெஸ்டாவுக்குச் சந்தோஷம்தான். பொறாமையும்தான், அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? மாமாவின் பாதி வந்துவிட்டது, என் பாதி எங்கே? காரணமே இல்லாமல் "டெக்வென்!" என்று வீட்டின் எல்லா மூலையிலிருந்தும் கூப்பிட்டுப் பார்த்தாள். குழந்தை பேசாமல் வந்து நிற்கும், அல்லது வராது. அதற்குப் பேச்சு பெருகியது; ரொட்டி கேட்டது, பூனையைத் திட்டியது. அந்த ஒரு வார்த்தை வரவில்லை. குளிர்காலம் முடிவதற்குள் நெஸ்டா விட்டுவிட்டாள். கொடுத்தது கொடுத்ததுதான் என்று நினைத்துக்கொண்டாள்.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை கம்பளி துவைத்தாள். டெகித் போனபின் கம்பளிகளைப் பிழியாமல் அப்படியே வேலியில் போட்டு, காய மூன்று நாள் ஆனாலும் ஆகட்டும் என்று விட்டுவிடுவாள். அன்று காற்று பலமாக இருந்தது. ஒரு முனை கையைவிட்டு நழுவிச் சேற்றை நோக்கிப் போனது. யோசிக்க நேரமில்லை, பழைய வாய், பழைய கத்தல். "டெக்!"

"வந்துட்டேன்" என்று கோழிக்கூட்டின் பின்னாலிருந்து ஒரு சின்னக் குரல் கத்தியது.

"இதோ" என்றது கரிக் கொட்டகை.

நெஸ்டா அசையாமல் நின்றாள். தண்ணீர் அவள் பாவாடையில் கொட்டிக்கொண்டிருந்தது. முற்றத்தின் குறுக்கே டெக்வென் சேற்றில் பொத்துப் பொத்தென்று ஓடிவந்து, கம்பளியின் அடுத்த முனையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "பிடிச்சுட்டேம்மா" என்றாள்.

"இந்தப் பக்கமா முறுக்கு. நான் அந்தப் பக்கமா முறுக்குறேன்" என்றாள் நெஸ்டா.

முறுக்கினார்கள். மூன்று வயதுக் கையில் என்ன பலம் இருக்கும்? கொஞ்சம் தண்ணீர்தான் வடிந்தது. கம்பளி காய அப்போதும் இரண்டு நாள் ஆயிற்று.