மூட்டைமேல் எழுதாத வாய்ப்பாடு

...Na வரைக்கும் இரண்டும் ஒன்றுதான், அதற்கப்புறம்தான் வழி பிரிகிறது, Cl வந்தால் சோற்றுக்குப் போடுகிற உப்பு, NO2 வந்தால் ஆளைத் தூக்குகிற உப்பு, பள்ளிக்கூடத்தில் இதைத் தலைகீழாக ஒப்பித்தவன்தானே லுவான், இன்று மருத்துவமனை பெஞ்சில் உட்கார்ந்து தொடையில் விரலால் எழுதி எழுதிப் பார்க்கிறான், எழுதி என்ன புண்ணியம், மூட்டைமேல் எழுதவில்லையே... கட்டட வேலைத்தளத்தில் சாமான் கொட்டகை அவன் பொறுப்பு. பத்து நாள் முன்பு, கான்கிரீட் குளிரில் உறையாமலிருக்கக் கலக்கும் நைட்ரைட் பை கிழிந்து கொட்டியது, சமையலறையில் காலி உப்புப் பை வாங்கி அதில் அள்ளிப் போட்டான். கிழிந்த பையில் பெயர் இருந்தது, வாய்ப்பாடு இருந்தது, மண்டையோடுகூட இருந்தது, அதை அடுப்பில் போட்டுக் கை காய்ந்தான். வெளியே மைனஸ் இருபத்திரண்டு. பேனா மை உறைந்துவிட்டது, அப்புறம் எழுதலாம் என்று விட்டான்.

இன்று காலையில் குவோ அண்ணி கொட்டகைக்குள் தலையை நீட்டினாள், முப்பது பேருக்குப் பொங்கிப் போடுகிறவள். "தம்பி, உப்பு தீந்துபோச்சு, இருக்கா?" "மூலையில மூட்டை இருக்கு, அள்ளிக்கோங்க." அடுப்பில் கிழங்கு சுட்டுக்கொண்டிருந்தான், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, நல்ல உப்பு ஒரு மூலையில், நைட்ரைட் இன்னொரு மூலையில், எந்த மூலை என்று சொன்னால் வாய் வலிக்குமா... மத்தியானம் முதலில் சாப்பிட உட்கார்ந்த மூவருக்கும் உதடு நீலம், நகம் நீலம். அதில் பாங் அவன் ஊர்க்காரன், வண்டியில் வரும்போது லுவானின் கையை விடவேயில்லை. டாக்டரம்மா நீல உதட்டுக்கு நீல மருந்தையே ஏற்றினாள். "நைட்ரைட்தான். சரியா ஊறாத புளிச்ச கோஸ்லயும் இது சேரும். ஊறறதுக்கு முன்னாடியே ஜாடியைத் தெறந்துட்டாங்களா?" லுவான் வாயால் ஆமாம் என்று சொல்லவில்லை, தலைதான் ஆடியது, அதற்குள் கூட வந்திருந்த மேஸ்திரி அதைப் பிடித்துக்கொண்டார், "அந்தப் பொம்பளைக்கு எப்பவும் அவசரம்."

உப்பையும் நஞ்சையும் வாய்ப்பாடு பிரித்துவிடும், சரி, ஜாடியில் ஊறிய நஞ்சையும் மூட்டையில் இருந்த நஞ்சையும் எப்படிப் பிரிக்கும்... இரண்டிலும் அதே NO2, யார் கை என்று அதில் எங்கே இருக்கிறது? இப்படி நினைத்தபோது நெஞ்சு லேசானது, அதுதான் கேவலம். அண்ணியை ஊருக்கு அனுப்புவார்கள், அவ்வளவுதானே, உயிரா போய்விடும்... அலைபேசி அதிர்ந்தது. அண்ணிதான், அழுது குரல் கம்மியிருந்தது. "பாங் கண்ணு தெறந்தானா தம்பி? கோஸாலதான்னு மேஸ்திரி போன்ல கத்துனாரு. நல்லாத்தான் ஊறியிருந்துச்சு, என்ன பாவமோ, ஜாடியோட கொட்டிட்டேன். மத்த பசங்க பட்டினியா கெடக்குறாங்க. வெறும் முள்ளங்கி சூப் வெச்சிருக்கேன், உப்பைத் தவிர ஒண்ணும் போடல. அஞ்சு மணிக்குக் குடுத்துடுவேன்."

சுவர்க் கடிகாரத்தில் நாலு ஐம்பது. "குடுக்காதீங்க அண்ணி, கொட்டிடுங்க." சொல்லிவிட்டான், நல்லவேளை, சொல்லிவிட்டான்.

"ஏன் தம்பி? அதுல என்ன இருக்கு?"

தண்ணீர் சரியில்லை, முள்ளங்கி அழுகல், டாக்டர் இன்றைக்கு யாரும் எதுவும் சாப்பிட வேண்டாம் என்றார்... ஒன்றன்பின் ஒன்றாக வந்து நாக்கில் நின்றன, மீதி அத்தனை பேரும் தட்டோடு உட்கார்ந்திருக்கும்போதும் தன் மனசு தேடுவது பொய்யைத்தான் என்று லுவானுக்கு அப்போதுதான் தெரிந்தது, இப்போது கொட்டினாலும் நாளைக்கு அவள் அதே பையில்தான் கை விடுவாள் என்பதும். அண்ணி மறுபடி கேட்டாள், "சொல்லு தம்பி, அதுல என்ன இருக்கு?"