முட்டுக்காலில் கட்டிய கயிறு

ஆர்லிஸுக்கு எதற்கெடுத்தாலும் பயம். வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினால் தெருமுனை வரை போய்விட்டு, அடுப்பை அணைத்தோமா என்று திரும்பி வருவாள். அடுப்பு அணைந்துதான் இருக்கும். புருஷன் டுவேன் வண்டியை விட்டு இறங்காமலே சிரிப்பான்.

"உன் மண்டைக்குள்ள ஒரு தீயணைப்பு ஆபீஸ் இருக்கு ஆர்லி. தீ எங்கயும் இல்லன்னாலும் மணி மட்டும் அடிச்சுக்கிட்டே இருக்கும்."

அதனால் அந்த வியாழக்கிழமை மணி அடித்தபோது, அவள் முதலில் தன்னைத்தான் திட்டிக்கொண்டாள். பள்ளிப் பேருந்தின் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ஏரிக்கரைச் சாலையில் போய்க்கொண்டிருந்தாள். பின்னால் பிள்ளைகள் கூச்சல். காலையில் அக்டோபர் கடைசி என்றே தோன்றாத அளவுக்கு வெயில் அடித்தது. மதியத்துக்கு மேல் மேற்கே வானம் ஈயம்போல் இறங்கியது. சுப்பீரியர் ஏரி நிறம் மாறிவிட்டால் நல்லதற்கில்லை என்பது அந்தக் கரையில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். திருப்பத்தில் ஒரு காற்று வந்து பேருந்தின் விலாவில் மோத, வண்டி அரை அடி நகர்ந்தது. பிள்ளைகள் "ஹோ" என்று கத்தினார்கள்.

அப்போதுதான் அந்தக் கயிறு ஞாபகத்துக்கு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவளும் டுவேனும் படகுக்குத் தார்ப்பாய் போட்டார்கள். படகு வாங்கி அவர்களுக்கு இதுதான் முதல் குளிர்காலம். படகுத்துறை முற்றத்தில் படகின் அடிக்கட்டைக்குக் கீழே மரத்துண்டுகள் அடுக்கி, இரண்டு பக்கமும் இரும்பு முட்டுக்கால்கள் கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். ஒவ்வொரு முட்டுக்காலும் ஒரு முக்காலிதான். தலையில் ஒரு பலகை, அது படகின் வயிற்றைத் தாங்கும். கட்ட ஆரம்பிக்கும் முன்பே டுவேன் விரலை ஆட்டிச் சொன்னான்: "கயித்த எதுல வேணும்னாலும் கட்டு, முட்டுக்கால்ல மட்டும் கட்டிடாத. காத்து தார்ப்பாய தூக்கும், தார்ப்பாய் கயித்த இழுக்கும், கயிறு முட்டுக்கால பிடுங்கும். அப்புறம் நாலு டன் படகு நம்ம தலையில. தண்ணி கேன கட்டித் தொங்க விடு, போதும்."

சரி என்றுதான் கேட்டுக்கொண்டாள். ஆனால் அன்றைக்குச் சாரல் தொடங்கிவிட்டது. இருவரும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஓடி, கைக்குக் கிடைத்த கயிற்றைக் கைக்குக் கிடைத்த இடத்தில் இழுத்துக் கட்டினார்கள். கேன் தீர்ந்துபோன ஒரு நிமிஷத்தில், ஒரு கயிற்றை இப்போதைக்கு என்று முட்டுக்காலில் சுற்றியது அவள் கைக்குத் தெரிந்தது. இரும்பின் சில்லிப்பு கூட நினைவிருந்தது. அவிழ்த்தது மட்டும் நினைவில் இல்லை.

'அவிழ்த்திருப்பேன்' என்று நினைத்தாள். 'அடுப்பு மாதிரிதான் இதுவும்.'

அடுத்த நிறுத்தத்தில் பிள்ளைகள் இறங்கும்போது இன்னொன்று நினைவுக்கு வந்தது. காலையில் காபி குடிக்கும்போது டுவேன் சொன்னது: "இன்னைக்கு வெயில் இருக்கு. மெழுகு பிடிக்கும். அடிப்பக்கம் பாக்கி இருக்கே, மதியம் போயி மெஷின் போட்டுட்டு வந்துடறேன்."

அவன் படகுக்குக் கீழே இருப்பான்.

பேருந்தில் ரேடியோ இருந்தது. அலுவலகத்தில் பெவ் எடுத்தாள்.

"பெவ், ஒரு உதவி. டுவேனுக்கு ஒரு போன் போடு. படகுக்கு அடியில இருந்தா உடனே வெளிய வரச் சொல்லு."

"என்னாச்சு?"

"எதுவும் ஆகல. வரச் சொல்லு, அவ்வளவுதான்."

பெவ் சிரித்தாள். ஊரில் எல்லாருக்கும் ஆர்லிஸின் மணியோசை பழக்கம். கொஞ்ச நேரம் கழித்து ரேடியோ கரகரத்தது. "எடுக்க மாட்டேங்குறான் ஆர்லிஸ். ரெண்டு தடவ அடிச்சுப் பார்த்தேன். செல்போன வண்டியில போட்டுட்டுப் போயிருப்பான், வேற என்ன."

"படகுத்துறைக்குப் போடு. ரோலிகிட்ட சொல்லு."

"அங்கயும் யாரும் எடுக்கல. காத்துக்கு எல்லாரும் வெளிய எதையாவது கட்டிக்கிட்டு இருப்பாங்க. நீ கவலைப்படாத, நான் மறுபடி போட்டுப் பாக்கறேன்."

கவலைப்படாதே என்று சொல்பவர்களை ஆர்லிஸுக்கு எப்போதுமே பிடிக்காது.

போன குளிர்காலம் முழுக்க அவளும் டுவேனும் ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம்போல் இருந்தார்கள். காகித ஆலையில் வேலை போனதிலிருந்து அவன் பேச்சைக் குறைத்தான், அவளும் விட்டுவிட்டாள். வசந்தத்தில் ஒருநாள், பக்கத்து ஊரில் ஒரு விதவை விற்கிறாள் என்று இந்தப் படகை இழுத்து வந்து நிறுத்தினான். மேல்பூச்சு செத்து, கையை வைத்தால் சுண்ணாம்பு அடித்த சுவர்போல் வெள்ளை ஒட்டியது. 'இதையா?' என்று கத்தத்தான் போனாள். ஏனோ ஒரு துணியை எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போய் அவளும் தேய்க்க ஆரம்பித்தாள். பசையைப் போட்டுத் தேய்த்து, துடைத்து, மறுபடி தேய்த்து, மாலையில் ஒரு முழ அகலத்துக்கு நீலம் வெளியே வந்தது. அதில் அவள் முகம் தெரிந்தது. நடுவில் படகு இருந்ததால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியிருக்கவில்லை. அதனாலோ என்னவோ பேச்சு வந்தது. கோடை முழுக்க அப்படியே பேசினார்கள்.

கடைசிப் பிள்ளை டெஸ்ஸா. மழலையர் வகுப்பு. காட்டுப்பாதையில் தனி வீடு. பெரியவர்கள் யாராவது வாசலுக்கு வந்தால்தான் அந்த வயதுப் பிள்ளையை இறக்கலாம். ஆர்லிஸ் ஹாரன் அடித்தாள். கதவு திறக்கவில்லை. பைன் மரங்கள் வில்லாய் வளைந்தன; ஒரு கிளை முறிந்து சாலையில் விழுந்தது. மறுபடி அடித்தாள்.

"அம்மா தூங்குவாங்க," என்றாள் டெஸ்ஸா. "நானே போயிடுவேன் மிஸ் ஆர்லிஸ்."

போ என்ற சொல் வாய்வரை வந்தது. பத்தடி தூரம்தான். யார் கேட்கப்போகிறார்கள்? அவள் குழந்தையின் தொப்பியைச் சரிசெய்தாள். "இல்ல கண்ணு, சேர்ந்தே காத்திருப்போம்" என்று ஹாரனை அழுத்தினாள். கதவு திறக்கும் வரை கையை எடுக்கவில்லை. தாய் ஈரத் தலையோடு ஓடி வந்து மன்னிப்புக் கேட்டதை முழுதாகக் கேட்கக்கூட நிற்கவில்லை.

பேருந்தைக் கொண்டுபோய்க் கொட்டகையில் விட்டுவிட்டுத்தான் சொந்த வேலைக்குப் போக வேண்டும் என்பது விதி. ஆர்லிஸ் அந்த விதியை அன்று மீறினாள். காலி பேருந்தைப் படகுத்துறை முற்றத்துக்கே ஓட்டிக்கொண்டு போனாள்.

முற்றம் முழுக்கத் தார்ப்பாய்கள் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தன. ஏரி தடுப்புச் சுவரைத் தாண்டித் தெறித்தது. அவர்கள் படகு கடைசி வரிசையில். தூரத்திலேயே டுவேனின் காலணிகள் தெரிந்தன. அட்டையைப் போட்டு மல்லாந்து படுத்திருந்தான். பாலிஷ் மெஷின் இரைந்துகொண்டிருந்தது. சத்தம் கேட்காமலிருக்கக் காதில் மூடி.

அவன் தலைக்கு நேரே இருந்த முட்டுக்காலைப் பார்த்தாள். அதன் கழுத்தில் ஒரு கயிறு.

காற்று வீச, தார்ப்பாய் வயிறு உப்பியது. கயிறு விறைத்தது. முட்டுக்காலின் ஒரு கால் சரளைக் கல்லை விட்டு எழும்பி, ஒரு விரல்கடை தள்ளி இறங்கியது. சரளையில் அதற்கு முன்பு இறங்கிய தடங்களும் இருந்தன. மேலே பலகை படகின் வயிற்றில் பாதிதான் பட்டுக்கொண்டிருந்தது.

"டுவேன்!"

கேட்கவில்லை. கம்பத்திலிருந்த மின்செருகியைப் பிடுங்கி எறிந்தாள். மெஷின் அடங்கியது. டுவேன் காதுமூடியைத் தள்ளினான்.

"எவன்டா அது புடுங்கினது?"

"நான்தான். வெளிய வா!"

"இன்னும் ஒரு கை அகலம்தான் பாக்கி. மெழுகு காஞ்சிடும் ஆர்லி, செருகிட்டுப் போ."

அவள் குனிந்து இரண்டு கணுக்காலையும் பிடித்துப் பின்னால் சாய்ந்து இழுத்தாள். அட்டையோடு சேர்த்து, திட்டிக்கொண்டே அவன் வெளியே வந்தான். எழுந்து திரும்பி, அவள் கை நீட்டிய இடத்தைப் பார்த்தான். திட்டு பாதியில் நின்றது.

அடுத்த காற்றில் முட்டுக்கால் சாய்ந்தது.

அவன் பாய்ந்தான், அதைப் பிடித்து நிமிர்த்திவிடலாம் என்பதுபோல். அவள் அவன் சட்டையைப் பின்னாலிருந்து இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டாள். "போனா போகட்டும்! படகு போகட்டும், விடு!" பொத்தான் தெறித்தது. இருவரும் சரளையில் உட்கார்ந்துவிட்டார்கள். படகு முனகியது. முட்டுக்காலின் இரும்புத் தலை, மெழுகு போட்ட நீலத்தை நீளமாகக் கிழித்துக்கொண்டு கீழே இறங்கியது. படகு அவர்கள் பக்கம் மெல்லச் சாய்ந்து, பின்னாலிருந்த முட்டுக்காலில் மொத்தப் பாரத்தையும் போட்டது. அந்தக் கால் வளைந்தது. ஆனால் முறியவில்லை.

கத்தல் கேட்டு ரோலி ஓடி வந்தார். முற்றத்தின் சொந்தக்காரர், பருத்த உடம்பு, வாய் சும்மா இருக்காது. அன்று ஒரு வார்த்தை பேசாமல், படகு தூக்கும் வண்டியைக் கொண்டுவந்து, வார்ப்பட்டைகளைப் படகின் அடியில் நீண்ட கம்பால் தள்ளிக் கோத்து, இறுக்கித் தூக்கிப் பிடித்தார். பாரம் பட்டையில் ஏறிய பிறகுதான் மூச்சு விட்டார். பிறகு விழுந்து கிடந்த முட்டுக்காலைக் காலால் புரட்டினார். கயிறு இன்னும் கழுத்தில் இருந்தது.

"எந்த மடையன் இதுல கட்டினது?"

"நான்தான் ரோலி," என்றாள் ஆர்லிஸ். "ஞாயித்துக்கிழமை. அவிழ்க்க மறந்துட்டேன்."

"அறிவு வேண்டாமா? பக்கத்துல வரிசையா நிக்குதே, ஒண்ணு விழுந்தா சீட்டுக்கட்டு மாதிரி எல்லாம் போயிருக்கும். உன் புருஷன் உனக்குச் சொல்லித் தரலையா?"

"சொன்னான்."

டுவேன் முடிச்சைப் பார்த்துக்கொண்டே நின்றான். அவன் பேசாமல் இருந்தால் அது அப்படியே போயிருக்கும். ரோலி ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிப்பார். ஆர்லிஸ் தலைகுனிந்து கேட்டுக்கொள்வாள். அவள் அதற்குத் தயாராகவே நின்றாள். டுவேன் கையுறையைக் கழற்றினான். மறுபடி மாட்டினான்.

"அவ இல்ல ரோலி. அது என் முடிச்சு."

ஆர்லிஸ் நிமிர்ந்தாள்.

"அவ கட்டினது அந்தப் பக்கம், பின்னாடி. அவ அவிழ்த்து கேன் மாட்டிட்டா, நான் பார்த்தேன். இது நான். தோள்பட்டை வலி, மழை வேற. நாளைக்குப் பார்த்துக்கலாம்னு விட்டேன், மறந்தே போச்சு." குரல் இறங்கியது. "அவளுக்கு அவ்வளவு புத்தி சொல்லிட்டு."

ரோலி ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, வேறு முட்டுக்கால் எடுத்து வருவதாகச் சொல்லிப் போய்விட்டார்.

ஆர்லிஸ் படகைச் சுற்றி மறுபக்கம் போனாள். அங்கே அவள் கயிற்றில் தண்ணீர் கேன் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும்தான் அவளுக்கு அழுகை வந்தது. டுவேன் பின்னாலேயே வந்து சற்றுத் தள்ளி நின்று கேட்டான்.

"செய்யாத தப்ப ஏன் ஒத்துக்கிட்ட?"

"செஞ்சேன்னுதான் நினைச்சேன். வழியெல்லாம் நீ செத்துட்டதா நினைச்சேன். நான்தான் கொன்னேன்னு நினைச்சேன்."

அவன் பக்கத்தில் வந்து தன் தோளை அவள் தோளில் சாய்த்துக்கொண்டான். அவன் உடம்பு உதறிக்கொண்டிருந்தது, அவளைவிட அதிகமாக.

சனிக்கிழமையன்று, அந்த ஆண்டின் முதல் பனி விழுவதற்குள் படகை மறுபடி மூடினார்கள். கீறலுக்குள் ஈரம் போய் உறைந்து மேல்பூச்சை வெடிக்கவைக்காமல் இருக்க, துடைத்துக் காயவைத்து நாடா ஒட்டினார்கள். சுற்றிலும் இருந்த நீலம் கண்ணாடிபோல் மினுங்க, அந்த ஒரு கோடு மட்டும் கையகலத்துக்கு அசிங்கமாகத் தெரிந்தது. வசந்தத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்றான் டுவேன். இந்தத் தடவை தார்ப்பாயின் கயிறு ஒவ்வொன்றையும் அவன் இழுத்துப் பார்த்தான். அவளையும் இழுத்துப் பார்க்கச் சொன்னான். ரோலி தூரத்திலிருந்து, "கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு முடிச்சுப் போட்டிருக்க மாட்டீங்க!" என்று கத்தினார்.

பயம் போய்விட்டது என்று சொல்வதற்கில்லை. பேருந்தைச் சொல்லாமல் ஓட்டிப் போனதற்கு அலுவலகத்தில் ஒரு எச்சரிக்கை வாங்கினாள். அதைப் பற்றி வருத்தப்படவில்லை. ஆனால் காற்று எழும் நாட்களில் கையில் எடுத்த வேலை ஓடாமல் ஜன்னலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தாள். ஜனவரியில் ஒரு ஞாயிறு, இருவரும் காலை உணவுக்கு உட்கார்ந்திருக்கும்போது மேற்கிலிருந்து காற்று வந்து கதவை ஆட்டியது. அவள் படகின் பேச்சை எடுக்காமல் தட்டைப் பார்த்தாள். டுவேன்தான் முதலில் எழுந்து கோட்டை மாட்டினான்.

"ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடலாம்," என்றான். "நீயும் வர்றியா?"